இடது கைக் குறடு

சம்மட்டி அடிப்பவரின் கண் குறட்டின் மேல் போகக் கூடாது. எங்கள் கொல்லுப்பட்டறையில் அது எழுதாத சட்டம். உலையில் பழுத்த இரும்பைக் குறட்டால் கவ்வி எடுத்துப் பட்டடைக்கல்லின் மேல் வைப்பவர் என் வீட்டுக்காரர். அவருடைய இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல். அந்தச் சுத்தியல் இரும்பில் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டுகிறதோ அங்கே என் சம்மட்டி விழ வேண்டும். சுத்தியலால் கல்லின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும். பேச்சே கிடையாது, உலை ஊதுகிற மோட்டாரின் சத்தத்தில் பேசினாலும் காதில் விழாது. தொட்ட இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். கத்தி ஆடாமல் நிற்கிறதா என்பது குறடு பிடித்தவர் பாடு.

இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் அடித்தேன். போன கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால்தான் என் கண் குறட்டின் பக்கம் போக ஆரம்பித்தது. எங்கள் சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் என் அத்தை மகன். ஆகவே எனக்கும் அவர் அத்தான், என் தம்பிக்கும் அத்தான். அம்பாசமுத்திரம் போகிற ரோட்டோரத்தில் எங்கள் தகரக் கொட்டகை இருக்கிறது. லாரியில் கழித்த பழைய வில்பட்டையை வாங்கி வெட்டி, வாழைத்தார் வெட்டுகிற கத்தி, கறிக்கடைக் கத்தி, அரிவாள் என்று அடித்துக் கொடுக்கிறோம். சேலைக்கு மேல் அத்தானுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் சம்மட்டி தூக்குவதைப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் சனத்தில் பொம்பளை சம்மட்டி அடிப்பது உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன். பார்த்துச் சிரித்தால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

கொடை மாதம் வந்தால் கறிக்கடைகளில் கத்திக்கு ஓய்ச்சல் இருக்காது. பக்கத்து ஊர்க் கறிக்கடை அண்ணாச்சி எலும்பு வெட்டுகிற கத்திகள் கேட்டிருந்தார். கொடைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எலும்புக் கத்தி நல்ல அகலம், நல்ல கனம். அகலக் கத்தியைப் பிடிப்பது சிரமம். ஓரத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் குறட்டின் வாய்க்குள்ளேயே கத்தி புரளப் பார்க்கும். புரள விடாமல் இறுக்கிப் பிடிப்பதுதான் கொல்லன் கை.

இரண்டாவது கத்தியை அடிக்கும்போது அது நடந்தது. சுத்தியல் தொட்ட இடத்தில்தான் அடித்தேன். அடி விழுந்ததும் கத்தி புரண்டது. அடுத்த அடி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. சம்மட்டியை நடுவழியில் நிறுத்த யாராலும் முடியாது. கத்தி குறட்டை விட்டு விலகி என் இடுப்பை ஒட்டிப் பறந்து, பின்னால் இருந்த தகரத்தில் மோதி, சாக்கின் மேல் விழுந்தது. சாக்கு புகைந்தது. என் சட்டையின் ஓரம் கருகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பில் ஒன்றும் இல்லை.

அத்தான் ஓடி வந்து கத்தியைச் சாக்கிலிருந்து தள்ளித் தண்ணீர் ஊற்றினார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"கொறடு தேஞ்சு போச்சுட்டி. வாய் பிடிக்கல" என்றார்.

நானும் நம்பினேன். நம்பியதோடு விடவில்லை. அந்தக் குறட்டைத் தூக்கி மூலையில் வீசி, அதன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து வைதேன். அத்தானின் அப்பா காலத்துக் குறடு அது. மறுநாளே அவர் பட்டறையில் கிடந்த கம்பியை எடுத்துப் புதிதாக ஒன்று அடித்தார். அதுவும் வழுக்கியது. பழைய இரும்புக்கடையில் தேடி ஒன்று கொண்டு வந்தார். அது தடிக்கம்பி பிடிக்கிற குறடு, வாய் வளைவாக இருந்தது. பட்டையான கத்தியில் ஓரம் மட்டும் தொட்டது. அதை உலையில் காய்ச்சி வாயைத் தட்டையாக்கினார். அதிலும் கத்தி அசைந்தது.

எனக்குக் குறடு பார்க்கத் தெரியாமல் இல்லை. ஆறிய கத்தியைக் கவ்விப் பார்க்க வேண்டும். வாய் நுனியில் மட்டும் கடித்தாலும் தப்பு, உள்ளே மட்டும் கடித்தாலும் தப்பு. முழு நீளத்துக்கும் படிந்து உட்கார வேண்டும். அப்போது கைப்பிடி இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பிடிப்பவரின் கை மூடுகிற அளவாக இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் விரல் எட்டாது. குறைந்தால் விரல் உள்ளங்கையில் முட்டிக்கொள்ளும், இறுக்கம் இரும்புக்குப் போகாது. அவர் அடித்த புதுக் குறடு இந்தக் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. பின் ஏன் வழுக்குகிறது? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

"பிடியில வளையம் மாட்டி இறுக்கிக்கிட்டா என்னவாம்?" என்று கேட்டேன். குறட்டின் இரண்டு பிடியையும் சேர்த்து ஒரு இரும்பு வளையத்தை மேலே தள்ளிவிட்டால் அது தானாகவே இறுகி நிற்கும். கை ஓய்ந்தவர்கள் அப்படிச் செய்வார்கள்.

"வளையம் போட்டா நெனச்ச நேரத்துக்குக் கத்தியத் திருப்ப முடியுமாட்டி? எங்கப்பா வளையம் போட்டா பிடிச்சாரு?" என்று என் மேல் பாய்ந்தார். இத்தனை கோபத்துக்கு அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நான் அடிக்கும்போது என் கண் தானாகவே குறட்டுக்குப் போனது. சுத்தியல் தொட்டதும் ஒரு நொடி கத்தியின் அடியைப் பார்ப்பேன், அப்புறம்தான் இடத்தைப் பார்ப்பேன். அந்த ஒரு நொடியில் அடி தப்பும். கத்தியில் பள்ளம் விழும். அவர் வைவார். நானும் வைவேன். ராத்திரி படுத்தால் தகரத்தில் கத்தி மோதிய சத்தம் காதுக்குள் கேட்கும்.

என் தம்பி கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். குறடு சரியில்லை என்று போனில் நான் புலம்பியதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுக் குறடோடு வந்துவிட்டான். வாயின் இரண்டு ஓரத்திலும் சின்ன உதடு வைத்து, கத்தி பக்கவாட்டில் புரளாதபடி செய்திருந்தார்கள். கறுப்புப் பூச்சு மினுமினுத்தது.

"கொல்லத் தெருவுக்கு ஊசி விக்க வந்துட்டியோ மாப்ள?" என்று அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"பிடிச்சுப் பாருங்க அத்தான், பெறவு பேசுங்க" என்றான் தம்பி. அவன் மூலையில் கிடந்த பழைய குறட்டையும் எடுத்துத் தூசி தட்டினான். "இதுலதான் கத்தி பறந்துச்சா? இது நல்லாத்தான இருக்கு?"

ஆறிய கத்தி ஒன்றை அதில் கவ்விக் கல்லின் மேல் வைத்தான். "அக்கா, ஒரு போடு போடு" என்றான்.

பைய ஒரு அடி அடித்தேன். கத்தி அசையவில்லை. ஓரமாகப் பார்த்து ஓங்கி ஒன்று அடித்தேன். அப்போதும் அசையவில்லை. தம்பி உலை வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கை பழக்கம் போனவன். அவன் பிடித்தே அது கல்லில் முளைத்த மாதிரி நிற்கிறது. தேய்ந்து போனதாகச் சொன்ன அதே குறடுதான்.

"பாத்தியா? கொறட்டுல ஒண்ணும் இல்லக்கா" என்றான் அவன். அவனுக்கு அவ்வளவுதான் தோன்றியது. எனக்கு உள்ளே என்னமோ விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் அங்கே இல்லை. அணைந்து கிடந்த உலைக்குப் பக்கத்தில் குனிந்து, ஓடாத மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இவர் ஆடத் தெரியாதவர் இல்லையே.

தம்பி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸுக்குப் போன பிறகு நான் அத்தானையே கவனித்தேன். காப்பித் தம்ளரை வலது கையால் வாங்கினார். எப்போதும் செய்தித்தாள் வலது கையிலும் தம்ளர் இடது கையிலும் இருக்கும். சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டார், கீழே இரண்டு பொத்தானைப் போடாமலே விட்டார். பைக்கை எடுத்து வெகுநாள் ஆகிவிட்டது. கரி வாங்கப் பஸ்ஸில்தான் போகிறார். கேட்டதற்குச் சங்கிலி லூசாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். நான் போய்ப் பைக்கின் சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். விறைப்பாகத்தான் இருந்தது. கிளட்ச் இடது கைக்கு அல்லவா என்று அப்போதுதான் உறைத்தது. முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்திருக்கிறார், பரிமாறுகிறவளுக்கே தெரியாமல்.

மறுநாள் காலையில் உலை மூட்டினோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொல்வார் என்று கடைசி வரைக்கும் பார்த்தேன். அவர் தம்பி கொண்டு வந்த புதுக் குறட்டை எடுத்தார். எலும்புக் கத்தி மஞ்சளாகப் பழுத்து வந்தது. கல்லின் மேல் வைத்தார். சின்னச் சுத்தியல் தொட்டது.

நான் சம்மட்டியைத் தூக்கினேன். தூக்கிய இடத்திலேயே நிறுத்திவிட்டேன்.

பழுத்த இரும்புக்கு முன்னால் சம்மட்டியை நிறுத்துவது, இலையில் சோறு போட்ட பிறகு சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி விடுவது மாதிரி. நான் அதைச் செய்ததே இல்லை. சுத்தியல் மறுபடி தொட்டது. மறுபடியும் தொட்டது. அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"ஏட்டி, என்ன நிக்க? இரும்பு ஆறுது."

"ஆறட்டும்."

"அடிக்கியா இல்லியா?"

"அந்தக் கையக் காட்டுங்க."

"எந்தக் கைய?"

"கொறடு பிடிச்சிருக்கியள்லா, அந்தக் கைய."

"வெளையாடுத நேரமாட்டி இது?"

"வெளையாட்டா? கத்தி எனக்கு நேராயில்லா நிக்கி. உங்களுக்கு நேராவா நிக்கி? கையக் காட்டுங்கன்னா காட்டுங்க."

கத்தி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வந்தது. சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போனது. அதுவரை அவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குறட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இடது கையை நீட்டினார்.

கடைசி இரண்டு விரலும் பாதி மடங்கி நின்றன. விரிக்கச் சொன்னேன், விரியவில்லை. மூடச் சொன்னேன், சரியாக மூடவும் இல்லை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திரண்டு இருக்க வேண்டிய சதை குழிந்து போயிருந்தது. இந்தக் கைக்குத்தான் தினமும் சோற்றுத் தட்டை நீட்டினேன். எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கு முந்தியே மரமரப்பு இருந்துச்சு. சரியாயிரும்னு நெனச்சேன்."

"கத்தி பறந்த அன்னைக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"கேக்குதேன்லா? கைதான்னு அன்னைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சம்மட்டியைத் தரையில் போட்டேன். "தெரிஞ்சுக்கிட்டா கொறடு தேஞ்சு போச்சுன்னு சொன்னிய? அது எம் வயித்துல பாஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பிய? அப்பவும் கொறட்டு மேலயா போடுவிய?"

"சொன்னா நீ எதுக்க நிக்க மாட்ட. நீ நிக்கலன்னா பட்டறய மூட வேண்டியதுதான். இந்தக் கொடைய மட்டும் பைய ஓட்டிட்டா, பெறவு டாக்டரப் பாக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு அவரை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் குழிந்த சதையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கொட்டகைக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். பட்டறையை விட நான் லேசாகப் போய்விட்டேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வலி இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. பொய் சொன்னதை மன்னித்துவிட்டேன். தெரிந்தே என்னை அங்கே நிறுத்தியதற்குத்தான் மனசு இன்னும் முரண்டு பிடிக்கிறது.

அன்றைக்கே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சின்ன அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், அதன் பிறகும் சதை திரும்ப மாதக் கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை இடது கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஊர் நெருங்கும்போது அவர் சொன்னார்.

"அண்ணாச்சிட்ட கத்தி இல்லன்னு சொல்லிருவோம்."

"எதுக்குச் சொல்லணும்? கொறடு நான் பிடிக்கேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் காலையில் எல்லாக் குறட்டையும் தரையில் வரிசையாகப் போட்டேன். தம்பி வாங்கி வந்ததுதான் பார்க்க லட்சணம். கையில் எடுத்ததும் என் மணிக்கட்டுக் கீழே தாழ்ந்தது, கனம் கூடுதல். அத்தான் புதிதாக அடித்தது அவருடைய பெரிய கைக்கு அளவெடுத்தது, என் விரல் மறுபிடிக்கு எட்டவில்லை. இரும்புக்கடைக் குறடு ஆணி தளர்ந்து கடகடவென்று ஆடியது. கடைசியில் நான் வைது மூலையில் எறிந்த பழசையே எடுத்தேன். அதன் வாய் கத்தியின் மேல் முழுசாகப் படிந்தது. கனமும் எனக்குத் தோது. பிடி மட்டும் அகலம். பிடியைக் காய்ச்சி, என் கை மூடுகிற அளவுக்கு உள்ளே வளைத்தேன். அத்தான் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்றார். ஒரு வளையத்தையும் அடித்து மாட்டினேன். என் மாமனார் வளையம் போட்டாரா என்ற பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.

"சம்மட்டியத் தொடாதிய. ரெண்டு கை வேணும் அதுக்கு. ஒத்தக் கைச் சுத்தியல்ல பெருசா ஒண்ணு கெடக்குல்லா, அத எடுங்க" என்றேன். "எடுத்துட்டு இங்கன வாங்க. நான் நிக்குத எடத்துல நில்லுங்க."

அவர் வந்து நின்றார். பின்னால் அந்தத் தகரம். கத்தி மோதின இடத்தில் நசுங்கி விழுந்த சொட்டை அப்படியே இருந்தது.

நான் உலைக்குப் பக்கத்தில் போனேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பட்டறையே வேறு மாதிரி இருந்தது. கத்தி பழுத்ததும் கவ்வினேன், வளையத்தைத் தள்ளி இறுக்கினேன், கல்லின் மேல் வைத்தேன். என் உள்ளங்கை வேர்த்து வழிந்தது. இது என் கையை விட்டுப் போனால் அவர் மேல்தான் போகும். அந்த நினைப்பு வந்ததும் பிடி இன்னும் இறுகியது.

சின்னச் சுத்தியலால் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அடி விழவில்லை. மறுபடி தொட்டேன். அப்போதும் விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஓங்கிய சுத்தியல் அவர் தோளுக்கு மேலே நின்றது. கண் நான் தொட்ட இடத்தில் இல்லை. குறட்டின் வாயில் இருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும், ஆனால் அவர் பைய உதட்டை அசைத்ததே எனக்கு விளங்கியது.

"ஏட்டி, கத்தி பறந்த பெறவும் இங்கனயா நின்ன?"

"இரும்பு ஆறுது, அடிங்க" என்றேன்.